அப்பா தீவில் ஒரு பகல்



எங்கள் ஊராகிய கீழக்கரையில் 'அப்பா' என்றால் பாட்டனார். தந்தையை 'வாப்பா' என்றும், பாட்டனாரை 'அப்பா' என்றும் அழைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். வானம் தெளிந்திருக்கும் நாட்களில் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால், தொடுவானத்தில் மெல்லிய பச்சைக் கோடு இழுத்தாற்போல் ஒரு தீவு தெரியும். அதன் பெயர் அப்பா தீவு. சிறு பிள்ளையாய் இருந்தபோது அத்தீவு என் பாட்டனாருக்கே சொந்தம் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். உடன் ஓதிய பிள்ளைகளிடம் பெருமையாக அதைச் சொல்லப்போய், தங்கள் அப்பாக்களுக்கும் அதில் பங்குண்டு என்று அவர்கள் வாதாட, பெரும் சண்டையாகி, இரு தரப்பும் ஹஜ்ரத்திடம் பிரம்படி பெற்றதும் நினைவிருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தீவுக்கு என் வாழ்நாளில் இருமுறை சென்றிருக்கிறேன். முதன்முறை 1989ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுவனாக, பாட்டனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு. இரண்டாம் முறை சென்ற தை மாதக் கடைசியில், தாடி நரைக்கத் தொடங்கிய ஆசிரியனாக. இவ்விரு பயணங்களுக்கும் இடையில் ஒரு கேள்வி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் தங்கியிருந்தது. அதற்கு விடை கிடைத்த கதையையே உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இருபத்தொரு தீவுகள்

இராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடலில், கரையை ஒட்டினாற்போல் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்டபத்திற்கு எதிரே 7, கீழக்கரைக்கு எதிரே 7, வேம்பாருக்கு எதிரே 3, தூத்துக்குடிக்கு எதிரே 4 எனப் பிரித்துச் சொல்வார்கள். முயல் தீவு, குருசடைத் தீவு, வாலைத் தீவு, தலையாரித் தீவு, ஆனைபார் என்று ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் இட்ட பெயர் உண்டு. நல்லதண்ணித் தீவு என்று ஒன்றும், உப்புத்தண்ணித் தீவு என்று ஒன்றும் அருகருகே இருக்கின்றன. கடலில் தாகத்தோடு அலைந்த மனிதர்கள் இட்ட பெயர்கள் அவை என்பதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றுள் மிகப் பெரியது முயல் தீவு. அதுவே 130 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவுதான். மற்றவற்றுள் பல, நம் ஊர்க் கண்மாய் ஒன்றுக்குள் அடங்கிவிடும் அளவினவே. பாறை மலையோ, மேட்டு நிலமோ எதிலும் இல்லை. பவளப் பாறையின் மேல் கடல் கொண்டுவந்து குவித்த வெண்மணல் திட்டுகளே இவையனைத்தும். குடியிருப்பு கிடையாது. மீன்பிடிக்கப் போனவர்கள் ஓய்வெடுத்த இடங்களாகவும், வலை உலர்த்திய இடங்களாகவும் முன்னாளில் இருந்தன.

1986ஆம் ஆண்டில் இத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்னும் பெரிய வட்டத்திற்குள் அது வந்தது. இன்று வனத்துறையின் அனுமதியின்றி எவரும் இத்தீவுகளில் இறங்கலாகாது. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே படகு பிடிக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

விரலைப் பிடித்துச் சென்ற நாள்

1989ஆம் ஆண்டுப் பயணம் எனக்குத் துண்டு துண்டாகவே நினைவிருக்கிறது. அப்பாவின் நண்பருடைய வள்ளத்தில் சுபுஹுக்குப் பின் புறப்பட்டோம். உம்மா கட்டிக்கொடுத்த இடியாப்பமும் தேங்காய்த் துருவலும் தூக்குச் சட்டியில் இருந்தன. பாதி வழியிலேயே எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்ததும், அப்பா தம் தோள் துண்டைக் கடலில் நனைத்து என் நெற்றியில் போட்டதும் நினைவில் நிற்கின்றன.

தீவில் கால் வைத்த அந்த நொடியை மறக்க முடியாது. நாங்கள் அறிந்த கடற்கரை மணல் பழுப்பு நிறம். இதுவோ சோற்றைப் போல் வெளுத்திருந்தது. அள்ளிப் பார்த்தால் மணலிலேயே உடைந்த சிப்பியும், குச்சி குச்சியாய் வெள்ளைக் கற்களும் கலந்திருந்தன. நான் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பை நிறைய நிரப்பிக்கொண்டேன்.

மாலையில் திரும்பும்போது கடல் வற்றியிருந்தது. ஓரிடத்தில் சுற்றிலும் ஆழக் கடலாக இருக்க, நடுவே மட்டும் நீர் வெளிறி, அலைகள் காரணமின்றி உடைந்து நுரைத்தன. அப்பா அந்த இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் பூவரசன்பட்டி, வாப்பா. ஒரு காலத்துல அதுல இறங்கி அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியிருக்கோம்" என்றார்.

(எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பேரப் பிள்ளையை அன்பாக 'வாப்பா' என்றே அழைப்பார்கள்.)

"இப்ப எங்கே போச்சு அப்பா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு" என்றார்.

வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு தீவு எப்படி வீட்டுக்கு வரும்? அன்றிரவு கூடம், அடுப்படி, முற்றம் என்று எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உறங்கினேன். மூன்றாண்டுகள் கழித்து அப்பா மறைந்தார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

மீண்டும் ஒரு பயணம்

என்னிடம் ஓதிய பிள்ளைகளுள் ஒருவர் இப்போது கல்லூரியில் விலங்கியல் பயில்கிறார். தீவுகளில் ஒதுங்கும் குப்பைகளை அகற்றுவதற்காக, வனத்துறையின் அனுமதியோடு அவரும் உடன் பயிலும் மாணவர்களும் அப்பா தீவுக்குச் செல்லவிருந்தனர். "ஹஜ்ரத், நீங்களும் வாங்களேன், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் எங்களுக்கும் நல்லது" என்று அழைத்தார். குனிந்து குப்பை பொறுக்க என் இடுப்பு இடம் தருமா என்ற தயக்கம் இருந்தது. எனினும் பச்சைக் கோடு என்னை அழைத்தது, இசைந்தேன்.

வாடைக் காற்றின் சீற்றம் தணிந்திருந்தது. கச்சான் எழுவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கடல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது. கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்தை இயந்திரப் படகு ஒரு மணி நேரத்திற்குள் கடந்தது. எங்களோடு வந்த காவலர் அறுபது வயதை நெருங்கியவர்; அருகிலுள்ள மீனவர் கிராமத்தைச் சேர்ந்தவர். கடல் அட்டையும் ஆவுளியாவும் களவு போகாமல் காக்கும் பணி அவருடையது. ஆவுளியா என்று எங்கள் பகுதியினர் சொல்வது கடற்பசுவை. கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பெரிய விலங்கு அது. பாக் நீரிணைப் பகுதியில் அதற்கெனவே 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு காப்பகத்தை அறிவித்திருக்கிறது.

தீவை நெருங்க நெருங்க நீரின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. கருநீலம் நீலமாகி, நீலம் பச்சையாகி, பச்சை பளிங்காயிற்று. படகின் நிழல் கடலடி மணலில் விழுந்து எங்களோடு ஓடி வந்தது. முழங்கால் அளவு நீரில் இறங்கி நடந்து கரையேறினோம்.

வாசகர்களே! தீவு எப்படியிருந்தது என்று கேட்பீர்கள். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மணலின் மேட்டில் அடப்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருந்தது. அதற்கப்பால் இராவணன் மீசை என்னும் முட்புல், பின்னர் உமரி, பின்னர் உடை மரங்களும் புதர்களும். மனிதக் காலடி ஒன்றும் இல்லை. ஆனால் மணல் முழுதும் எழுதப்பட்டிருந்தது. நண்டுகள் கோலமிட்டிருந்தன. சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டு நூல் தைத்தாற்போல் வரி இழுத்திருந்தது. உள்ளான் குருவிகளின் கால்கள் நீர் விளிம்பை ஒட்டிச் சிறு சிறு புள்ளிகளாய்ப் பதிந்திருந்தன. ஓரிடத்தில் டிராக்டர் சக்கரம் ஏறிச் சென்றது போன்ற அகன்ற தடம் ஒன்று கடலிலிருந்து மேடேறித் திரும்பவும் கடலுக்கே இறங்கியிருந்தது. பங்குனி ஆமை முட்டையிட வந்து போன தடம் என்றார் காவலர். மாணவர்கள் அதைச் சுற்றி, மிதிக்காமல், விலகி நடந்தார்கள்.

ஒரு யாத்திரிகரின் ஆசை

புதரோர நிழலில் அமர்ந்தபோது, கல்லூரி நாட்களில் வரலாற்றுப் பாடத்தில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா, மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிவிட்டு அங்கிருந்து புறப்படும் வேளையில் ஒரு சின்னஞ்சிறு தீவைக் கண்டாராம். அதில் இருந்தது ஒரே ஒரு வீடு. அதில் வாழ்ந்தவர் நெசவாளி ஒருவரும் அவர் மனைவி மக்களும். சில தென்னைகள், சில வாழைகள், ஒரு சிறு படகு, இரண்டு காக்கைகள். அவ்வளவுதான். அரசவைகள் பலவற்றைக் கண்ட அந்த யாத்திரிகர், அந்த நெசவாளியின் மீது பொறாமை கொண்டதாகவும், அத்தீவு தமக்கே உரியதாக இருந்து இறுதிவரை அங்கேயே ஒதுங்கியிருக்கக் கூடாதா என ஏங்கியதாகவும் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அவர் பின்னர் இலங்கை வழியாக நம்முடைய மஅபர் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் உறவினராக இங்கே தங்கியவர் என்பது வரலாறு அறிந்தோர் அறிவர்.

எனக்கும் அதே ஆசை எழுந்தது. ஓசையென்றால் அலையின் ஓசை மட்டும். தொலைபேசி மணியில்லை, கடன்காரர் இல்லை, தேர்வுத்தாள் திருத்த வேண்டியதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். காவலர் சிரித்தார்.

"நாலு நாள் இருந்து பாருங்க பாய். முதல் நாள் சொர்க்கம். ரெண்டாம் நாள் கொண்டாந்த தண்ணி தீரும். மூணாம் நாள், கரை எந்தப் பக்கம்னு பார்த்துக்கிட்டே நிப்பீங்க" என்றார்.

அவர் சொன்னது சரியே. நாங்கள் கொண்டு சென்ற நீர்க்குடங்களில் பாதி, லுஹருக்கு முன்பே தீர்ந்துவிட்டிருந்தது. கடல் நீரில் ஒளூச் செய்து அந்த மணலிலேயே தொழுதோம். நெற்றியில் ஒட்டிய மணலைத் தட்டியபோதுதான், அந்த மணலைப் பற்றி மாணவரிடம் கேட்கத் தோன்றியது.

மணல் பிறந்த கதை

"இந்த மணல் ஆற்று மணல் இல்லை, ஹஜ்ரத்" என்று தொடங்கினார் என் பழைய மாணவர். ஒரு காலத்தில் எனக்கு முன் சம்மணமிட்டுப் பாடம் கேட்ட பிள்ளை சொல்ல, நான் சம்மணமிட்டுக் கேட்டேன்.

மலையிலிருந்து உருண்டு தேய்ந்து வருவது ஆற்று மணல். இத்தீவுகளின் மணலோ பெரும்பகுதி உயிர்களிடமிருந்து பிறந்தது. பவளம் என்பது கல் போலத் தோன்றினாலும், ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரையிலான எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டும் வீடு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு அமைக்கின்றன. ஒரு தலைமுறையின் கூட்டின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. கிளை கிளையாய் வளரும் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். உருண்டைப் பாறையாய் வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஆள் உயரப் பாறை ஒன்று உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

புயலும் அலையும் உடைத்த பவளத் துண்டு, சிப்பி, சங்கு, இவற்றோடு பவளப் பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன் வெளியேற்றும் பொடி, யாவும் சேர்ந்து மணலாகின்றன. அந்த மணல் பாறையின் மறைவில் குவிந்து திட்டாகிறது. பறவை எச்சத்திலும் அலையிலும் விதை வருகிறது. அடப்பங்கொடி முதலில் படர்ந்து மணலைக் கட்டுகிறது. பின்னர் புதரும் மரமும். இப்படித்தான் ஒரு தீவு.

"கொண்டுவந்ததும் கடல்தானே, திரும்ப எடுத்துக்கொள்ளாதா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பவளப் பாறைதான் தடுக்கிறது. ஆழக் கடலிலிருந்து வரும் அலை பாறையில் மோதி உடைந்து, வலுவிழந்துதான் இந்தக் கரையைத் தொடுகிறது. அரணை எடுத்துவிட்டால் மணல் நிற்காது."

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடியபோது எங்கள் கரை பெருமளவு தப்பியதை நினைத்துப் பார்த்தேன். இலங்கையின் மறைவு ஒரு காரணம். இத்தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வலுவைக் குறைத்தது மற்றொரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நாம் எட்ட நின்று பார்த்த பச்சைக் கோடு, நம்மைக் காத்து நின்ற வரம்பும் ஆகும்.

கரை ஒதுங்கியவை

பிற்பகல் முழுவதும் குப்பை பொறுக்கினோம். மனிதர் வாழாத தீவில் மனிதருடைய பொருள்கள் எத்தனை! ஒற்றைச் செருப்புகள், மருந்துக் குப்பிகள், தண்ணீர்ப் புட்டிகள், தெர்மோகோல் துண்டுகள், எரிந்து தீர்ந்த மின்விளக்குகள், கிழிந்த வலைகள். ஒரு வலைத் துண்டில் நண்டொன்று சிக்கி உலர்ந்து கிடந்தது. வெளிநாட்டு எழுத்துப் பொறித்த புட்டிகளும் இருந்தன. எங்கள் ஊர்க் கடைப்பெயர் அச்சிட்ட பையும் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது, அதை எறிந்தவன் நானாகவே இருக்கலாம் என்ற எண்ணம் எழாமலில்லை. திருமண வீடுகளில் நாம் பயன்படுத்தி எறியும் தட்டும் குவளையும் வாய்க்கால் வழியே எங்கே போகின்றன என்று நாம் கேட்பதேயில்லை. அவற்றில் சில அப்பா தீவுக்குப் போகின்றன. கண்ணால் கண்டேன்.

மூட்டை மூட்டையாகக் கட்டிப் படகில் ஏற்றினோம். நான் சிறுவனாகப் பை நிறையப் பொறுக்கி வந்த வெள்ளைக் குச்சிக் கற்களை இம்முறை தொடவில்லை. பவளத்தை 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சட்டம் அதற்குப் புலிக்கு நிகரான காவல் தந்திருக்கிறது.

பூவரசன்பட்டி

திரும்பும் வழியில் காவலரிடம் கேட்டேன்: "பூவரசன்பட்டி எங்கே இருந்தது?"

அவர் படகோட்டியிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கச் செய்தார். அன்று நான் கண்ட அதே காட்சி. சுற்றிலும் நீலம், நடுவே வெளிறிய நீர், காரணமின்றி உடையும் அலை. பூவரச மரம் நின்றிருக்க வேண்டும் என்று பெயரைக் கேட்டாலே தோன்றும் அந்த இடத்தில், நிற்க ஒரு சாண் மணல் இல்லை. இருபத்தொரு தீவுகள் என்று நாம் கணக்குச் சொன்னாலும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டவை.

"யாரு இதை அழிச்சது?" என்று மாணவர்களுள் ஒருவர் கேட்டார்.

காவலர் விடை சொன்னார். பல்லாண்டுக் காலம் இக்கடலில் பவளக் கல் வெட்டுவது ஒரு தொழிலாக இருந்தது. கடப்பாரையால் பெயர்த்து, மூழ்கி எடுத்துத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கடற்கல் என்றும் முருகைக் கல் என்றும் அதற்குப் பெயர். பாதி கல் வீடு கட்டப் போகும். பாதி காளவாயில் வெந்து சுண்ணாம்பாகும். தொழிற்சாலைகளுக்கும் போனதுண்டு. கல் மெத்தென்றிருக்கும், எளிதில் அறுக்கலாம், வெயில் இறங்காது. கடற்கரையூர்களில் பழைய வீடுகளும், 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் இடிசுவர்களும் இந்தக் கல்லால் ஆனவையே. அக்காலத்தில் எவரும் அதைக் குற்றமென்று கருதவில்லை. வளரும் கல், எடுக்க எடுக்க வரும் என்று எண்ணினார்கள். அது வளரும் வேகத்தை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சொல்லி முடித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். நான் எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"கல் தோணிக்காரர் பேரனா நீங்க? உங்க தாத்தா தோணியில நானும் சின்ன வயசுல கல் ஏத்தியிருக்கேன் பாய். கூலியை அன்னன்னைக்கே கொடுத்துடுவாரு. நல்ல மனுஷன்."

வாசகர்களே! அந்த நொடியில் எனக்குள் நிகழ்ந்ததை எப்படி எழுதுவேன்? அப்பா தோணி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். தோணியில் என்ன ஏற்றினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பழைய வீட்டின் சுவர் நினைவுக்கு வந்தது. காரை பெயர்ந்த இடங்களில் தேன்கூடு போலத் துளைகளும், பூவிதழ் போல வரிகளும் தெரியும். சிறு வயதில் அந்தத் துளைகளில் விரலை நுழைத்து விளையாடியிருக்கிறேன். தீவு வீட்டுக்கு வந்துவிட்டது என்று அப்பா சொன்னது விளையாட்டுப் பேச்சன்று. அன்றிரவு நான் கூடத்திலும் அடுப்படியிலும் தேடிய தீவு, நான் சாய்ந்து உறங்கிய சுவரிலேயே இருந்தது.

கேள்வி கேட்ட மாணவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "என் பாட்டனாரும் வெட்டியவர்களில் ஒருவர், தம்பி. அந்த வருவாயில்தான் என் தகப்பனார் படித்தார். அவர் படித்ததால்தான் நான் படித்தேன்."

படகில் எவரும் பேசவில்லை. காவலர்தான் முதலில் பேசினார். "கல் ஏத்துன கையாலதான் இப்ப காவல் காக்கிறேன். ரெண்டுக்கும் கூலி வாங்கியிருக்கேன். ரெண்டாவது கூலியைச் சாப்பிடும்போது மனசு உறுத்தல இல்லாம இருக்கு" என்றார்.

எஞ்சியிருப்பவை

கல் வெட்டுவது நின்றுவிட்டது. ஆயினும் துன்பம் தீரவில்லை. கடல்நீர் நாட்கணக்கில் 30 பாகைக்கு மேல் சூடேறினால் பவளம் வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நிகழ்ந்தது. கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. தாழ்ந்து கிடக்கும் மணல் திட்டுகளுக்கு ஒவ்வோர் அங்குலமும் கணக்குத்தான்.

நல்ல செய்தியும் உண்டு. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து மறையும் நிலைக்கு வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு முதல் அதன் கடற்பக்கம் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளைக் காங்கிரீட்டால் வார்த்து இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணலரிப்பு மட்டுப்பட்டது. அப்பாறைகளில் மீன்களும் வந்து குடியேறின. உடைந்த பவளக் கிளைகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கும் பணியும் நடைபெறுகிறது. நாற்று நடுவது போல்தான். நம் முன்னோர் ஒரே நாளில் பெயர்த்ததை, இப்பிள்ளைகள் பல்லாண்டுகள் காத்திருந்து வளர்க்கிறார்கள்.

கரையிறங்கியதும் நேராகப் பழைய வீட்டிற்குப் போனேன். அது பூட்டிக் கிடக்கிறது. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்று என் காக்காவும் தம்பியும் ஓராண்டாகச் சொல்லி வருகிறார்கள். நானும் இசைந்தே இருந்தேன். கைவிளக்கின் ஒளியில் சுவரருகே நின்று, காரை பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். விரல் இப்போது துளைக்குள் நுழையவில்லை.

மறுநாள் காக்காவிடம் பேசினேன். "அதுக்காக வீட்டை இடிக்காம இருக்க முடியுமா? சுவரைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டா தீவு வந்துடுமா?" என்று கேட்டார். வராதுதான். செத்த கல் உயிர்க்காது என்பதை நானும் அறிவேன். ஆயினும் ஒரு தீவைக் கொடுத்துக் கட்டிய சுவரைக் குப்பை மேட்டில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புக் காரை பூசிச் செப்பனிட்டால் இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும் என்று பழைய கொத்தனார் ஒருவர் சொல்கிறார். குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. பெருநாளுக்கு எல்லோரும் கூடும்போது, இன்ஷா அல்லாஹ், பேசித் தீர்ப்போம்.

கடற்கரையூர்களில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய வீட்டிலும் காரை பெயர்ந்த சுவர் இருக்கலாம். அதில் தேன்கூடு போன்ற கல் தெரிந்தால், பிள்ளைகளை அருகழைத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். நம் பாட்டனார்களைக் குறை கூற வேண்டியதில்லை. அறியாமல் செய்தார்கள், அறிந்தபோது வருந்தினார்கள். வள்ளத்தில் சிரிக்காமல் அமர்ந்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கிடைக்காத அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. வாய்க்காலில் ஒரு பையை எறியக் கை ஓங்கும்போது அந்தப் பச்சைக் கோட்டை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.

வானம் தெளிந்த நாட்களில் இப்போதும் கடற்கரையில் நின்று பார்க்கிறேன். அப்பா தீவு தெரிகிறது. என் மகனின் பிள்ளைகள் என்னை 'அப்பா' என்று அழைக்கும் காலத்திலும் அது அங்கே தெரிய வேண்டும்.